எல்லைக்கோட்டில் வாசனை பூஜ்யம்

மோப்பம் பார்க்க வேண்டிய நாட்களில் நான் காலையில் காபி குடிப்பதில்லை. வாசனையில்லாத சோப்பு. தலைக்கு முந்தைய நாளே குளித்துவிடுவேன். இது விதி இல்லை. கருவியோடு வந்த சிறிய புத்தகத்தில் ஆலோசனையாகத்தான் போட்டிருந்தார்கள். நான் விதியாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கருவி போக்குவரத்துப் போலீஸ் வேகம் அளக்கும் துப்பாக்கி போல இருக்கும். பின்பக்கத்தை மூக்கில் வைத்து இழுக்க வேண்டும். வட்டைத் திருப்பினால் வெளிக்காற்றோடு சுத்தக் காற்று குறிப்பிட்ட அளவில் கலந்து வரும். எந்த அளவில் முதன்முதலாகக் கஞ்சா வாசனை தெரிகிறதோ, அந்த எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு வெளிக்காற்றுக்கு எத்தனை பங்கு சுத்தக் காற்று என்பதுதான் அந்த எண். அது ஏழுக்கு மேல் போனால் விதிமீறல். சாலையோரம் நின்று இதைச் செய்யும்போது வண்டிகளில் போகிறவர்கள் ஹார்ன் அடித்துச் சிரிப்பார்கள். பழகிவிட்டது.

நீங்கள் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். என் பெயர் ஜொலீன் வெல்ட்மன். வெஸ்டர்வீன் ஊராட்சியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நில உபயோக அலுவலர். எந்த இடத்தில் வீடு கட்டலாம், எந்த இடத்தில் தொழில் செய்யலாம், இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி விட வேண்டும் என்று சொல்வது என் வேலை. கல்லூரியில் வேதியியல் படித்தேன். இந்த வேலைக்கு அது தேவையில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நீங்கள் முடிவு செய்யும்போது அது தேவைப்படும்.

கஞ்சா வளர்ப்பை மாநிலம் அனுமதித்தபோது எங்கள் ஊரில் பாதிப் பேர் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். திட்டக்குழுத் தலைவர் கெரிட் என்னை அழைத்து, "யாருக்கும் வலிக்காத மாதிரி ஒரு எடம் கண்டுபிடி" என்றார். தேவாலயத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஆயிரம் அடி, வீட்டிலிருந்து ஐந்நூறு அடி தள்ளி இருக்க வேண்டும். ஊரின் படத்தை விரித்து ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டேன். எங்கள் ஊரில் தேவாலயங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சபை இரண்டாக உடைந்தால் எதிர்ச்சாரியில் இன்னொன்று கட்டுவார்கள். வட்டங்கள் போடப் போட ஊர் மறைந்துகொண்டே வந்தது. மூன்று வாரம் கழித்து வட்டம் தொடாத இடம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ரயில் பாதைக்கும் சரளைக்கல் குவாரிக்கும் நடுவில் இருக்கும் கில்மர் தொழிற்பூங்கா. பதினோரு ஷெட்டுகள்.

அந்தப் படத்தை நான் அழகாகப் போட்டிருந்தேன். மூன்று நிறம். குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் குழு எதையும் ஒருமனதாக ஏற்றதில்லை. சட்டம் பற்றிப் பேச வந்த பக்கத்து ஊர் அலுவலர்கள் என் படத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்குக் குழந்தைகள் இல்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை.

ஐந்தாம் எண் ஷெட்டில் ஏமஸ் ரூயிட்டர் இருந்தார். படகு இருக்கைகளுக்கு மெத்தையும் உறையும் தைப்பவர். ஏரிக்கரையில் படகு வைத்திருக்கும் எல்லோரும் இலையுதிர்காலத்தில் இருக்கைகளைக் கழற்றி அவரிடம் கொண்டுபோய்ப் போடுவார்கள். அறுபத்தேழு வயது. மனைவி இறந்த பிறகு வீட்டை விற்றார். விற்ற பிறகுதான் வாடகை என்ன விலை என்று பார்த்தார். சிகாகோக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் வாங்கியிருந்தார்கள்.

அவர் ஷெட்டிலேயே வசிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். படம் போடுவதற்கு ஓராண்டு முன்பே தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பன்றி இறைச்சி வறுபடும் வாசனை வந்தது. தொழில் மண்டலத்தில் காலை ஏழரைக்கு யாரும் இறைச்சி வறுப்பதில்லை. கதவைத் தட்டினேன்.

"மூக்கா அது, இல்ல வேட்ட நாயா?" என்று கேட்டுக்கொண்டே திறந்தார். கையில் கரண்டி. பின்னால் பைப்பர் என்ற அவருடைய பழுப்பு நிறப் பெட்டை நாய்.

"ஏமஸ், இங்க தங்கக்கூடாது."

"யாரு தங்குறா? வேலைக்குச் சீக்கிரம் வந்தேன்."

"பைஜாமாவோடயா?"

"வசதியா இருக்கு. நீயும் ஆபீசுக்குப் போட்டுப் பாரு, கொஞ்சம் சிரிப்பாவது வரும்."

நான் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த முறை நான் போனபோது கட்டில் இல்லை, அடுப்பு இல்லை. அவர் குழிக்குள் போயிருந்தார். அந்தக் கட்டடம் முன்பு ஒரே பெரிய லாரிப் பட்டறை. லாரியை மேலே நிறுத்தி, அடியில் நின்று வேலை பார்க்க ஐந்தாம் எண்ணில் ஆறடி ஆழத்துக்கு ஒரு குழி உண்டு. அதற்குப் பலகையில் தளம் போட்டு, மெத்தை போட்டு, விளக்கு வைத்து, மேலே பாதியைப் பலகையால் மூடி, அதன் மேல் இருக்கைகளை அடுக்கியிருந்தார். தெரியாதவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. படுக்கை கண்ணில் படாதவரை அது என் ஏட்டில் இல்லை. இதைக் கருணை என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆகவே ஐந்தாம் எண்ணைச் சுற்றி நான் வட்டம் போடவில்லை. ஆவணத்தில் அங்கே வீடு இல்லை. பிறகு ஒவ்வோர் ஆண்டும், 'ஐந்நூறு அடிக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்று முறை.

நான்காம் எண்ணுக்கு டெரல் பிக்ஸ்பி வந்தான். கார் உதிரிபாகத் தொழிற்சாலை மூடியதும் கிடைத்த பணத்தையும் மாமனாரின் பணத்தையும் போட்டுக் கஞ்சா வளர்க்கத் தொடங்கினான். நல்ல உழைப்பாளி. செடிகள் வேகமாக வளர அறைக்குள் கரியமில வாயு விடுவார்கள். பெரிய உருளையிலிருந்து வால்வு வழியாக வரும். அளவோடு விட்டால் மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. அளவு கூடினால் அலாரம் அடிக்கும், கூரையில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடி அறையைக் காலி செய்யும். அந்த ஃபேன் ஓடும்போதெல்லாம் வாசனை வெளியே வரும். கரி வடிகட்டி போட்டிருந்தான். பாதி வாசனையை அது பிடித்தது.

மீதிப் பாதி ஏமஸுக்குப் போனது. அவர் நாற்பத்தொரு புகார் கொடுத்தார். நாற்பத்தொரு முறையும் நான் காபி குடிக்காமல் போனேன். நாற்பத்தொரு முறையும் ஏழுக்குள்தான் இருந்தது. டெரல் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பான்.

"என்ன ஏமஸ், இன்னிக்கு என்ன வாசனை? நேத்து செத்த மரநாய்ன்னு சொன்னீங்க."

"இன்னிக்கு அந்த மரநாயோட மாமனார்."

"என் மாமனாரப் பத்திப் பேசாதீங்க, அவரு பணம் போட்டிருக்காரு."

"அதான் நாறுது."

இருவரும் சிரிப்பார்கள். ஜூலையில் டெரலின் பழைய வண்டி இருக்கையை ஏமஸ் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. புகாரையும் நிறுத்தவில்லை. அவருக்கு மனிதர் மேல் கோபம் இல்லை. படுக்கும் இடத்தில் அந்த வாசனை இருக்கக்கூடாது, அவ்வளவுதான். படுக்கும் இடம் என்று மட்டும் புகாரில் எழுத முடியவில்லை.

நாற்பத்தொரு புகார் என்றால் குழு எதையாவது செய்தாக வேண்டும். உரிமம் புதுப்பிக்கும்போது புதிய நிபந்தனை சேர்த்தார்கள். இனி ஏழு இல்லை, பூஜ்யம். எல்லைக்கோட்டில் வாசனையே இருக்கக்கூடாது. நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, கூட்டம். அதற்குள் நான் மோப்பம் பார்த்து அறிக்கை தர வேண்டும்.

டெரலுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. என்னிடம் கேட்டான். ஆகஸ்டில் நான் அவனுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். சுவர் விரிசல்கள், கூரை இடுக்குகள், கதவு ஓரங்கள், குழாய் நுழையும் துளைகள். மொத்தம் பத்து இடம். செப்டம்பரில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டான்.

என் கணினியில் முதல் வரைவு இருக்கிறது, நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். அதில் பதினொன்று இருந்தது. பதினொன்றாவது: தரைக் கால்வாயைக் கான்கிரீட் போட்டு மூடுவது. பழைய லாரிப் பட்டறையில் எண்ணெயும் தண்ணீரும் ஓட ஒரு கால்வாய் கட்டடத்தின் நெடுக, தடுப்புச் சுவர்களுக்கு அடியில் ஓடுகிறது. மேலே இரும்புக் கம்பி மூடி. அது போய் முடியும் இடம் ஐந்தாம் எண்ணில் உள்ள குழி. கட்டடத்தின் பழைய வரைபடம் என் அலமாரியில்தான் இருந்தது. கால்வாயை மூட வேண்டுமென்றால் ஒப்பந்தக்காரர்கள் ஐந்தாம் எண்ணுக்குள்ளும் இறங்க வேண்டும். இறங்கினால் மெத்தையைப் பார்ப்பார்கள். ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டேன்.

கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். திறந்து விட்டால் தரையோடு ஓடும், பள்ளத்தைத் தேடும். இது பள்ளிக்கூடப் பாடம். வரியை எடுத்தபோது இது என் நினைவில் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் ஃபேன் இருக்கிறதே என்றும் நினைத்தேன். அன்று அது உண்மை.

அக்டோபரில் ஏமஸைப் பார்த்தபோது உற்சாகமாக இருந்தார்.

"ஜொலீன், இந்தக் குளிர்ல எனக்கு ஹீட்டரே வேணாம் தெரியுமா? கீழ அந்தக் கால்வா வழியா கதகதன்னு வருது. அவன் விளக்குச் சூடு. தலைமாட்ட அந்தப் பக்கமா மாத்திப் போட்டுட்டேன்."

"வாசனை?"

"நாத்தமும் அவனுது, சூடும் அவனுது. சூட்டுக்கு நான் புகார் குடுக்கல பாரு, நல்ல மனுசன்."

பிறகு, காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது என்றார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். வயது என்றார். பைப்பர் குழிப் படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. அவர் இறங்கி, கூப்பிட்டுக் காட்டினார். அது வாலை ஆட்டியது, இறங்கவில்லை.

"ரெண்டு வாரமா இப்பிடித்தான். கீழ வரவே மாட்டேங்குது. பொம்பளைக்குக் கோவம் வந்தா காரணமா சொல்லும்?"

நாயின் மூக்கு தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்தேன். அவ்வளவுதான். மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். அது நல்ல ஆலோசனைதான்.

நவம்பர் பதின்மூன்று, வியாழக்கிழமை, மதியம். ஏமஸ் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மெத்தை. என் நாற்காலிக்குத் தைத்தது. கருநீல நிறம், படகுத் துணி, ஓரத்தில் வெள்ளைக் கயிறு. அதை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார்.

"செவ்வாக்கிழம கூட்டத்துல மூணு நிமிசம் பேசப் போறேன். நேரம் சரியா வருதான்னு பாரு."

கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று படித்தார்.

"எம் பேரு ஏமஸ் ரூயிட்டர். கில்மர் தொழிற்பூங்கா அஞ்சாம் நம்பர்ல குடியிருக்கேன். அஞ்சு வருசமா அங்கதான் தூங்குறேன், அங்கதான் எந்திரிக்கிறேன். வீட்டுக்கும் கஞ்சாவுக்கும் நடுவுல ஐந்நூறு அடி வேணும்னு சட்டம் சொல்லுது. எங் கட்டில்லேர்ந்து அவன் செடிக்கு இருபத்தாறு அடி. அளந்துட்டேன்." காகிதத்தை மடித்தார். "ஒரு நிமிசம்கூட ஆகல, இல்ல?"

நாற்பது வினாடி ஆகியிருந்தது.

"ஏமஸ், இப்படிப் பேசினா உங்களையும் வெளிய அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். இந்தியானாவுல மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. மாசக் கடைசில போறேன். போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நிமிந்து நின்னு, நான் இங்கதான் இருந்தேன்னு சொல்லிட்டுப் போறேன். அஞ்சு வருசமா திருடன் மாதிரி பதுங்கியாச்சு."

"மாசக் கடைசில போறீங்கன்னா பேசாமலே போகலாமே."

"எனக்கப்புறம் இதே அஞ்சாம் நம்பர்ல எவனாவது வருவான். அவனுக்கும் வாடகைக்கு வீடு கெடைக்காது."

அவர் பேசினால் என்ன ஆகும் என்று விளக்கினேன். டெரலின் உரிமம் போகும். பூங்காவில் இன்னும் இரண்டு பேர் வளர்க்கிறார்கள், அவர்களுடையதும் போகும். அந்தப் பூங்கா படத்திலிருந்து விழுந்தால் ஊரில் வேறு இடமே இல்லை. சட்டமே விழும். வழக்குப் போடுவார்கள். மூன்று கையெழுத்தும் பொய் என்று ஆகும். கடைசியாகத்தான் சொன்னேன்: "எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "உம் பேர இழுக்க மாட்டேன் ஜொலீன். உனக்குத் தெரியாதுன்னே சொல்றேன்." பிறகு சிரித்தார். "படந்தானே? அழிச்சிட்டுத் திரும்ப வரை. ஊராட்சில ரப்பர் வாங்கித் தரமாட்டாங்களா?"

அவர் போன பிறகு மெத்தையை நாற்காலியில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் நாள். நம் பக்கத்தில் அது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் காலி, பட்டறைகள் காலி. கில்மரில் வெள்ளி மதியத்துக்குப் பிறகு ஒரு வண்டி இருக்காது. திங்கள்வரை யாரும் திரும்பமாட்டார்கள். ஏமஸ் மட்டும் வேட்டைக்குப் போவதில்லை. முழங்கால் வலி.

பதினொரு மணிக்கு டெரலைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு, வண்டியில் துப்பாக்கியும் பெட்டியும் ஏற்றிக்கொண்டிருந்தான். எல்லைக்கோட்டில் மோப்பம் பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வந்தது.

"ரெண்டுதானே? ரெண்டுக்குப் பதிலா பூஜ்யம்னு போட்டுக்கங்க, யாரு பாக்கப் போறா?" என்றான்.

"நான் பாப்பேன்."

"சரி, அப்ப என்ன பண்ணணும்?"

ஃபேன் மூடியை டேப் போட்டு ஒட்டி, அதற்குப் போகும் மின்சாரத்தை மட்டும் துண்டித்துவிட்டு, செவ்வாய்வரை அப்படியே விடச் சொன்னேன்.

டெரல் தலையைச் சொறிந்தான். "அது பாதுகாப்புக்கு வச்ச ஃபேன் மிஸ் வெல்ட்மன். வால்வு வேற கொஞ்ச நாளா ஒட்டிக்குது. புதுசு திங்கக்கெழமதான் வருது. அளவு ஏறுனா ஃபேன்தானே இழுக்கணும்?"

"உள்ள யாராவது இருக்கப் போறாங்களா?"

"யாரு? செடிதான். எல்லாரும் காட்டுல இருப்போம்."

"அப்ப என்ன?"

"அலாரம் அடிச்சா?"

"அலாரம் தீயணைப்புத் துறை பாக்க வேண்டிய விஷயம். வாசனைதான் என்னோடது."

அவன் சிரித்தான். "ஒங்க வீட்டுல பிரிட்ஜுக்குள்ளயும் கோடு போட்டு வச்சிருப்பீங்க போல." ஏணியை எடுத்துக்கொண்டு மேலே போனான். ஏமஸ் எங்கே தூங்குகிறார் என்பது அவனுக்குத் தெரியாது. வேலைக்குச் சீக்கிரம் வருகிறவர், தாமதமாகப் போகிறவர் என்றுதான் நினைத்திருந்தான். உங்கள் அறிக்கையில் அவனுக்குத் தெரிந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நான் ஃபேனை நிறுத்தச் சொன்னேன் என்று அவன் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. அது உண்மை. வாயால் சொன்னேன், எழுதவில்லை.

பிறகு ஐந்தாம் எண்ணுக்குப் போனேன். ஏமஸ் இருக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாவட்ட ஆட்கள் திடீர்ச் சோதனைக்கு வரக்கூடும் என்று சொன்னேன். அப்படி யாரும் வருவதாக இல்லை. செவ்வாய்க்கு முன்னால் அவர்கள் கண்ணில் பட்டால் அன்றே வெளியேற்றிவிடுவார்கள், கூட்டத்தில் பேச முடியாது, அதனால் விளக்குப் போடாமல், மேலே நடமாடாமல், பலகையை முழுவதும் மூடிக்கொண்டு கீழேயே இருந்துவிடுங்கள் என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பக்கம் நிக்கிறியே ஜொலீன், நான் எதிர்பாக்கல. படத்தப் பத்திக் கேலி பண்ணினதுக்கு மன்னிச்சுக்க."

"பரவாயில்ல" என்றேன்.

"பைப்பரு கீழ வரமாட்டாளே."

"மேலயே இருக்கட்டும். நாய் இருந்தா தப்பில்ல."

சனிக்கிழமை தேவாலய விற்பனைக்கு ஆப்பிள் பை இரண்டு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கில்மருக்குப் போனேன். அன்றும் காபி குடித்திருக்கவில்லை. பகல் பன்னிரண்டரை. வெயில் இருந்தது, காற்று இல்லை. மோப்பம் பார்க்க மிக நல்ல வானிலை. எல்லைக்கோட்டில் நான்கு மூலையிலும் நின்று பார்த்தேன். பூஜ்யம். வட்டைத் திருப்பிப் பார்த்தேன், கருவியை எடுத்துவிட்டு வெறும் மூக்கால் பார்த்தேன். காய்ந்த இலை வாசனையும் ரயில் பாதைத் தார் வாசனையும்தான் இருந்தன. மூன்று ஆண்டுகளில் அந்த இடம் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

நான்காம் எண்ணுக்குள் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் எண் கதவுக்குப் பின்னால் பைப்பர் குரைத்துக்கொண்டிருந்தது. நிறுத்தி நிறுத்தி, தொண்டை கட்டிய குரலில். நெடுநேரமாகக் குரைத்திருக்க வேண்டும். இரைச்சலுக்குத் தனி விதி இருக்கிறது. அதற்கு யாராவது புகார் கொடுக்க வேண்டும். நான் அறிக்கையில் தேதி, நேரம், காற்றின் திசை எழுதி, வாசனை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். பிறகு பத்து நிமிடம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. கதவுக்கும் எனக்கும் நடுவே அறுபது அடி இருக்கும்.

அந்த நேரத்தில் அவர் உயிரோடு இருந்திருக்கலாம் என்று உங்கள் மருத்துவர் சொல்வதாக நேற்றுச் சொன்னீர்கள். என் முகத்தைப் பார்ப்பதற்காகச் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

திங்கள் காலை டெரல் வந்தான். வண்டியின் பின்னால் எட்டுக்கிளைக் கொம்பு மான். முதலில் ஏமஸிடம் காட்டத்தான் போயிருக்கிறான். நாய் பலகையைப் பிராண்டிப் பிராண்டி நகமெல்லாம் இரத்தமாக இருந்ததாம். அவன் பலகையைத் தூக்கி, குழிக்குள் பாதி இறங்கி, மயங்கிப் படியிலேயே விழுந்து, எப்படியோ ஏறி வந்திருக்கிறான். அவன் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அவனை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அது ஒரு பிழை.

செவ்வாய்க்கிழமை கூட்டம் நடந்தது. ஏமஸுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பட்டறையில் வேலை செய்யும்போது இறந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கெரிட் ஜெபம் செய்தார். டெரலின் உரிமத்தை விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்தார்கள். மற்ற இருவருடையதும் புதுப்பிக்கப்பட்டது. மோப்ப அறிக்கை படிக்கப்பட்டது. பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் என்று கெரிட் சொன்னபோது யாரும் எழவில்லை. படம் அப்படியே இருக்கிறது.

டெரலை நீங்கள் நேற்றே விட்டிருக்கலாம். அவன் மனைவி காவல் நிலையத்துக்கு வெளியே நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வரும்போது பார்த்தேன். பைப்பர் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

நீங்கள் தட்டச்சு செய்த தாள்களைப் படித்துவிட்டேன். பதினொன்றாவது வரி, ஃபேன், நான் சொன்ன பொய்ச் சோதனை, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம், எல்லாம் நான் சொன்னபடியே இருக்கின்றன. ஏமஸ் ரூயிட்டரைக் கொன்றது நான் என்ற வரியும் சரி. தெரிந்தே செய்தேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

முதல் பக்கத்தில் மூன்றாவது வரியை மட்டும் திருத்திக் கொடுங்கள். 'இறந்தவர் தமது வீட்டில்' என்று போட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் எண் ஷெட் வீடு இல்லை. கில்மர் தொழிற்பூங்காவில் வீடு எதுவும் கிடையாது. இருந்திருந்தால் அதற்குப் பக்கத்தில் கஞ்சா வளர்க்க நான் அனுமதித்திருக்கவே மாட்டேன். அங்கே குடியிருக்கும் மனிதருக்கு ஆபத்து.